தோட்டத்துக்கு ஆள் கிடைக்குமா: வேலையின்மை சதவீதத்தைப் பாக்குறதா, கூலியைப் பாக்குறதா?

கம்பம், கூடலூர்ல இருந்து மலையேறி கேரளாவுல இருக்குற வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் வச்சிருக்குறவங்களுக்கு காய் எடுப்பு ஆரம்பிக்கும் முன்னாடியே இந்தக் கவலை வந்துரும், இந்த வருஷம் ஆள் கிடைக்குமா? நான் கூலியைப் பாத்துத்தான் முடிவெடுக்குறேன், சதவீதத்தை ஒரு பக்கமா வச்சுக்குறேன்.

சதவீதம் பொய்யில்ல. மத்திய அரசு எடுக்குற வேலைவாய்ப்புக் கணக்கு, பிஎல்எஃப்எஸ்ம்பாங்க, அந்த 2023-24 சர்வேல வேலையின்மை கேரளாவுக்கு 7.2 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 3.5. இதை மட்டும் பாத்தா கேரளாவுல ஆளுக்குப் பஞ்சமே இல்லன்னு தோணும், ஆனா அதே சர்வேல அங்க 15-29 வயசுக்காரங்கள்ல மட்டும் 29.9, படிச்ச பிள்ளைங்க படிப்புக்கேத்த வேலைக்குக் காத்திருக்காங்க, அவங்க காய் எடுக்க வருவாங்கன்னு எதிர்பாக்கவும் கூடாது. வேலை தேடுறதையே விட்டவங்க இந்தக் கணக்குல வரவே மாட்டாங்க. வாராந்திரக் கணக்குல ஏழு நாள்ல ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தாலும் வேலையில இருக்காருன்னு போட்டுருவாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து மாசாமாசம் கணக்கு வருது, நல்லதுதான், ஆனா நம்ம மலைக்கு ஆள் இருக்கான்னு அதுல தெரியாது.

கூலிக்கு வருவோம். ரிசர்வ் பேங்க் கையேட்டுப்படி 2022-23ல கேரளா கிராமத்துல ஆம்பளைங்களோட விவசாயக் கூலி நாளுக்கு 764 ரூபா, நாட்டு சராசரி 346கூட இல்ல. வேலையில்லாதவங்க அதிகமா இருக்குற மாநிலத்துலயே கூலியும் ஒசந்து நிக்குதுன்னா, இருக்குற ஆளு வேற, தேவைப்படுற ஆளு வேறன்னுதானே அர்த்தம்.

அதுலயும் பேசுன கூலியை மட்டும் பாக்காதீங்க. ஆள் குறையும்போது மொதல்ல ஏறுறது அது இல்ல, சுத்தி இருக்குறதுதான் ஏறும், ஆளுங்களை தோட்டத்துக்கு ஏத்திட்டுப் போற ஜீப் வாடகையை முதலாளியே குடுப்பாரு, ஆள் கூட்டிட்டு வர்றவங்க அட்வான்ஸ் கூட கேப்பாங்க, பேசுன கிலோவுக்கு மேல எடுத்தா தனிக்காசுன்னு வரும், சாயந்தரம் சீக்கிரம் எறக்கிவிடணும்பாங்க. நாள்கூலி மெதுவாத்தான் பின்னால வரும். கூடவே விலைவாசியையும் கழிச்சுப் பாக்கணும், அரிசி எண்ணெய் ஏறுனதுக்கு ஏறுன கூலியை தட்டுப்பாடுன்னு எண்ணிறக் கூடாது.

கூலி ஏறி விடியக்காலை ஜீப்பும் நெறைஞ்சு போச்சுன்னா, காய் விலை நல்லா இருக்கு, எல்லாத் தோட்டமும் ஆள் கேக்குது, அவ்வளவுதான். கூலி ஏறியும் ஜீப்ல எடம் காலியா இருந்தா ஆளே வேற வேலைக்குப் போயிட்டாங்க, அது அடுத்த சீசனுக்கும் திரும்பாது. மில்லுக்கும் ஆபீஸுக்கும் இது எவ்வளவு பொருந்தும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், அங்கெல்லாம் மாசச் சம்பளம், இவ்வளவு சீக்கிரம் ஏறி எறங்காது. தோட்டத்துக்கு மட்டும் கூலியும் ஜீப்பும் போதும்.