உதகை ஏரிக்கரை: அலங்காரம் முதலா, கால்வாய் முதலா?

உதகை மத்தியப் பேருந்து நிலையத்துக்கு அருகே கோடப்பமந்து கால்வாய் ஏரியில் கலக்கும் முகப்பில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், அந்தப் பகுதியை ஏன் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது விளங்கிவிடும். குப்பையைத் தடுக்க வைத்த கம்பித் தடுப்பில் தண்ணீர் பாட்டில்களும் முட்டைகோஸ் இலைகளும் ஒற்றைச் செருப்பும் ஒட்டிக் கிடக்க, தடுப்பைத் தாண்டிச் செல்லும் நீர் கறுத்து ஓடுகிறது. படகு இல்லத்தில் வரிசையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகள் இந்த முனைக்கு வருவதில்லை. ஏரிக்கரையைச் சீரமைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றை இந்த முனையில் நின்றபடி எடைபோடுவதே பொருத்தம்.

முதல் வழி கேளிக்கைக் கரை. பேவர் பிளாக் நடைபாதை, வண்ண விளக்குகள், சாகச விளையாட்டுகள், கடை வரிசை ஆகியவை இதில் அடங்கும். ஓராண்டுக்குள் கண்ணுக்குத் தெரியும் பலனும் கட்டண வருவாயும் இதன் பலம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கோவை உக்கடம் பெரியகுளத்தில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின்கீழ் அமைத்த நடைபாதையில் மாலை நேரம் நடந்தவர்களுக்குத் தெரியும்: கரை பளபளத்தாலும், கழிவுநீர் வரும்வரை ஆகாயத்தாமரையும் வந்துகொண்டேதான் இருக்கும். மேலும், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசன் காலத்தில் உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்த ஊரில், கூட்டத்தை மேலும் இழுப்பதையே நோக்கமாகக் கொண்ட கட்டுமானம் எந்தக் கணக்கில் சேரும் என்பது எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது வழி கொடைக்கானல் முறை. 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரி ஏறத்தாழ 60 ஏக்கர். உதகை ஏரி இன்று ஏறத்தாழ 65 ஏக்கர். அளவில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான். கொடைக்கானலில் சுமார் 5 கிலோமீட்டர் ஏரிச்சாலையை யாரும் காசு கொடுக்காமல் சுற்றி வரலாம்; விடியற்காலையில் உள்ளூர்க்காரர் நடப்பதும் அங்கேதான். உதகையிலோ படகு இல்லத்தின் நுழைவுச் சீட்டு வாங்கினால்தான் ஏரியின் முகம் சரியாகத் தெரிகிறது. எனவே கரையை ஊராருக்குத் திறந்துவிடுவதில் கொடைக்கானல் முந்தி நிற்கிறது. எனினும் விடுமுறை நாளில் அந்தச் சாலையே வாகனத்தாலும் தள்ளுவண்டிகளாலும் திணறுகிறது. அந்த ஏரியின் உபரி நீர்தான் மலையேறும் பேருந்துகள் நின்று வேடிக்கை பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது என்பதால், கரையில் நேரும் கவனக்குறைவு கரையோடு முடிவதுமில்லை.

மூன்றாவது வழி கால்வாயிலிருந்து தொடங்குவது. இதற்கு ஏரியின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1820-களில் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி இன்றைவிடப் பெரியது. அது சுருங்கிய இடத்தில்தான் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் எழுந்தன. கனமழையில் ரயில்வே பாலத்தின் கீழ் தண்ணீர் தேங்கிப் போக்குவரத்து நிற்கிறதே, அது நீர் தன் பழைய படுகையைத் தேடி வருவதன்றி வேறில்லை. கோடப்பமந்து கால்வாய் கடைவீதியையும் நகராட்சிச் சந்தையையும் ஒட்டி வரும்போது வீட்டுக் கழிவுநீரும் சந்தைக் கழிவும் அதில் சேர்கின்றன. அந்த நீரோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அடிச் சேற்றில் தங்கி, ஆகாயத்தாமரைக்கு ஆண்டு முழுவதும் உரம் போடுகின்றன. செடி மடிந்து அழுகுகையில் நீரின் ஆக்சிஜன் குறைந்து நாற்றம் எழுகிறது. ஆகவே கால்வாயை அப்படியே விட்டுவிட்டு ஏரியைத் தூர்வாருவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். கழிவுநீர் இணைப்புகளைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்றுவது, சந்தைக் கழிவைச் சந்தையிலேயே தடுப்பது, முகப்பில் வண்டல் தங்கும் குட்டையும் நாணல் வளரும் சதுப்பும் அமைப்பது, அதன் பிறகு தூர்வாருவது என்பதே இந்த வழியின் வரிசை.

இதன் குறை வெளிப்படையானது. காலம் பிடிக்கும், திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்ட இடமிருக்காது, வீடு வீடாக இணைப்பை மாற்றச் சொல்லும் அலுவலருக்கு நல்ல பெயரும் கிடைக்காது. ஆனாலும் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான், கொடைக்கானலிடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு: கால்வாய் முகப்பிலிருந்து கரையோரமாகக் கட்டணமில்லாத ஒரு மண் நடைபாதை. விளக்குகள் வேண்டுமென்று வற்புறுத்துவோர் இணைப்புகளை மாற்றிய பின் ஒரு தென்மேற்குப் பருவமழையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடக்கும்வரை பொறுக்கட்டும். அதற்குப் பிறகும் அந்தக் கம்பித் தடுப்புக்கு அப்பால் நீர் தெளிந்திருந்தால், எத்தனை கம்பம் நடுவது என்பதைப் பேசிக்கொள்ளலாம்.