இரண்டடிச் சுவரும் மூன்று வெள்ளைப் பெட்டிகளும்

மாதம் 20ஆம் தேதி ஆனால் நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவேன். காரைக்குடியில் பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை என்று பதினேழு பேருக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். 3பி படிவத்துக்கு 20தான் கடைசி நாள். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஓடிபி கேட்டால் அது கடை முதலாளியின் போனுக்குப் போகும். அவர் என்னைக் கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். நான் வீட்டுக்குள் இருந்தால் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்’ என்றுதான் அவருக்குப் பதில் வரும். முற்றத்தில் வானம் தெரிகிற இடத்தில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் நிற்கும். ஐப்பசியில் ஒரு தடவை குடை பிடித்துக்கொண்டு வரி கட்டியிருக்கிறேன்.

வீடு பள்ளத்தூரில். ஐயா காலத்துக்கும் முந்தியது, நான்கு புள்ளிக்கு, அதாவது நான்கு குடும்பத்துக்குப் பொது. 2021ல் ஆத்தாவுக்குத் துணையாக இருக்கலாம் என்று சென்னையை விட்டு வந்தவன் நான் மட்டும்தான். மற்றப் பங்காளிகள் கோலாலம்பூர், கோவை, சென்னை என்று இருக்கிறார்கள். வாசலிலிருந்து பின்னால் முகப்பு, பட்டாலை, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று வீடு நீண்டுகொண்டே போகும். சுவர் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும், இரண்டடிக்குக் குறையாத கனம். மேலே முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசி இழைத்த சாந்து. சித்திரை வெயிலில் உள்ளே வந்தால் அப்பாடா என்று இருக்கும். வைஃபைக்கு அந்தச் சுவர்தான் எமன்.

ஃபைபர் இணைப்பு முகப்போடு வந்து நிற்கிறது. 100 எம்பிபிஎஸ் திட்டம். முகப்பில் சோதித்தால் 94 காட்டும், வளவில் 30, இரண்டாங்கட்டில் 3. அடுப்படியில் வைஃபை பெயரே தெரியாது. ஆத்தா பகல் முழுக்க இருப்பது அங்கேதான். பேரப்பிள்ளைகளோடு பேச வேண்டும் என்றால் எழுபத்தெட்டு வயதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு முகப்புக்கு நடந்து வர வேண்டும்.

முதலில் நான்கு ஆண்டெனா வைத்த பெரிய ரூட்டர் ஒன்று வாங்கினேன். ஆண்டெனா கூடினால் சுவர் மெலிந்துவிடாது என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. அப்புறம் 1,100 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர். அது ரூட்டரிடம் வாங்கியதைத் திருப்பிச் சொல்லும் கருவி. வாங்கும் இடத்திலேயே கிணற்றுக்குள் இருந்து கேட்பது போலக் கேட்டால் அது என்னத்தைத் திருப்பிச் சொல்லும்? சரி, அதை விடுங்கள்.

மூன்றாவதாக வாங்கியதுதான் மெஷ் செட். மூன்று வெள்ளைப் பெட்டி, காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடையில் 8,500 ரூபாய். வைஃபையில் ‘ஏசி 1200’ என்று சொல்லும் வேக வகை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசையும் உண்டு. எந்த கம்பெனி என்று எழுதவில்லை. இந்த விலையில் கிடைக்கிற பெட்டிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சாதிதான், நான் சொல்லப்போவது எதை வாங்கினாலும் பொருந்தும். மூன்று பெட்டியும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் வைஃபை தரும். நடந்துகொண்டே போனால் போன் தானாக ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். என் புது போன் அழகாகப் பிடிக்கிறது. ஆத்தாவின் பழைய போன் முகப்புப் பெட்டியைக் கடைசி மூச்சு வரை விடாது.

வைத்த முதல் நாள் பெருத்த ஏமாற்றம். பட்டாலையிலிருந்து வளவுக்குத் திரும்பும் இடத்தில் பிளக் இருக்கிறதே என்று இரண்டாவது பெட்டியை அங்கே மேசையில் வைத்தேன். மேசைக்கு மேல் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. இரண்டாங்கட்டில் 9க்கு மேல் ஏறவில்லை. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அது அலையைத் திருப்பி அடித்துவிடும் என்று பிறகுதான் உறைத்தது. பெட்டியை எடுத்து ஆறடி தள்ளி வளவைச் சுற்றி ஓடும் பத்தியில், தூணோரம் ஒரு முக்காலியில் வைத்தேன். உடனே 38. ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது சாமான் அறை. செட்டிநாட்டில் கல்யாணச் சாமான் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தாவுக்கு வந்தது, அப்பத்தாவுக்கு வந்தது, அக்காவுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது என்று பித்தளை அண்டா, வெண்கல உருளி, எனாமல் தூக்கு, எவர்சில்வர் அடுக்கு எல்லாம் தரையிலிருந்து உத்தரம் வரை நிற்கின்றன. அந்த அறை சரியாக இரண்டாங்கட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில். செங்கல்லாவது அலையை விழுங்கும், கொஞ்சம் மிச்சம் அந்தப் பக்கம் போகும். உலோகம் விடவே விடாது. கோட்டையூரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் தம்பி கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, இதுக்குள்ள சிக்னல் போச்சுன்னா அதுவும் ஈயம் பூசிக்கிட்டுத்தான் வெளிய வரும்.”

இந்தப் பெட்டிகளை அமைக்கும் போன் செயலியைப் பற்றி இரண்டு வரி போதும். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, கணக்குத் தொடங்காமல் உள்ளே விடாது, வைஃபை பெட்டிக்கு என் இருப்பிடம் எதற்கு என்று தெரியவில்லை, அதையும் கேட்கிறது. பெட்டியை எங்கே வைத்தாலும் ‘அருமையான இடம்’ என்று பச்சை காட்டுகிறது. கண்ணாடிக்கு அடியில் வைத்தபோதும் காட்டியது. அதை நம்ப வேண்டாம், வேகச் சோதனையை நம்புங்கள்.

மெஷ் பெட்டி விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. இந்த விலைப் பெட்டிகளில் ஒரே ரேடியோதான் முன் பெட்டியோடும் பேச வேண்டும், நம் போனோடும் பேச வேண்டும். அதனால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். மூன்றாவது பெட்டிக்குப் போவதற்குள் பாதியில் பாதி. எங்கள் அடுப்படியில் 11 வந்தது. மழை நாளில் அதுவும் குறைந்தது, சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்தால் அலை இன்னும் சோர்ந்துபோகும். தீர்வு காற்றில் இல்லை, ஒயரில். பெட்டிகளை ஈதர்நெட் கேபிளால் இணைத்துவிட்டால் ரேடியோவுக்கு நம் போனோடு பேசுகிற வேலை மட்டும்தான்.

கேபிள் இழுப்பது என்றால் எங்கள் வீட்டில் அரசியல். பொதுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் நான்கு புள்ளிக்கும் சம்மதம் வேண்டும். பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கோவை அண்ணன், “அந்தப் பூச்சு இனி பூச ஆள் கிடையாது, கை வைக்காதே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் வழி காட்டியதும் வீடேதான். அந்தக் காலத்து மின்சார ஒயர் எல்லாம் சுவரின் உச்சியில் தேக்கு ரீப்பர் மேல் ஓடுகிறது. அதே ரீப்பரை ஒட்டிக் கேபிளைப் படுக்கவைத்து, பழைய கிளிப்புக்குள்ளேயே சொருகிவிட்டார் அந்தத் தம்பி. அறைக்கு அறை போவதற்கும் துளை போடவில்லை. எங்கள் வீட்டில் வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும், நிலைகள் எல்லாம் ஒரே கோட்டில். நிலைக்கு மேலே உள்ள காற்றுக் கம்பிகளுக்கு இடையே கேபிள் நேராக ஓடிவிட்டது. ‘கேட் 6’ வகை ஈதர்நெட் கேபிள் 60 மீட்டர் 1,500 ரூபாய், கூலி 1,200. ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை இழுக்கலாம் என்பதால் எங்கள் நீளத்துக்குக் கவலை இல்லை.

வாங்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: ஒவ்வொரு பெட்டியிலும் கேபிள் சொருகும் போர்ட் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று வருவதற்கு, ஒன்று அடுத்த பெட்டிக்குப் போவதற்கு. ஒரே போர்ட் உள்ள செட்டும் விற்கிறார்கள், நம் நீள வீட்டுக்கு அது ஆகாது.

கேபிள் இழுத்த அன்று சாயங்காலம் அடுப்படியில் 91 காட்டியது. ஆத்தா போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு கோலாலம்பூரோடு பேசினார்கள். அங்கே மணி இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே ஏழு, அங்கே ஒன்பதரை, பிள்ளைகள் தூங்கப் போகிற நேரம். முன்பெல்லாம் முகப்புக்கு நடந்து வருவதற்குள் அவர்கள் தூங்கியிருப்பார்கள். “என்ன தம்பி, அவன் வாய் அசையுறதும் சத்தமும் ஒண்ணா வருது?” என்று கேட்டார்கள். அதுவரை அது இரண்டும் தனித்தனியாகத்தான் வரும் என்று நினைத்திருக்கிறார்கள் போல.

எனக்குப் பெரிய லாபம் வைஃபை காலிங். போன் அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால் டவர் இல்லாத இடத்திலும் சாதாரண அழைப்பு வைஃபை வழியாக வரும், தனிச் செயலி தேவையில்லை. என் போனில் குறுஞ்செய்தியும் வருகிறது. ஒரு குறை: பேசிக்கொண்டே வளவிலிருந்து அடுப்படிக்கு நடந்தால் பெட்டி மாறும் இடத்தில் சில நேரம் பேச்சு அறுந்துபோகிறது. முக்கியமான அழைப்பு என்றால் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஐப்பசியில் இடி. வீட்டில் விழவில்லை, எங்கோ பக்கத்தில். நீளமாக ஓடும் செப்புக் கம்பி மின்னல் கிளப்பும் மின்சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் போல, அடுப்படிப் பெட்டியில் ஒரு போர்ட் போய்விட்டது. கம்பெனி சேவை எண்ணில் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டேன். மின்னல் பாதிப்பு உத்தரவாதத்தில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எதற்கு என்பதுதான் என் ஆத்திரம். நல்லவேளை, இன்னொரு போர்ட் உயிரோடு இருந்தது. இப்போது வளவிலிருந்து அடுப்படிக்குப் போகும் நீள ஓட்டத்தை மட்டும் கண்ணாடி இழையாக மாற்றி, இரு முனையிலும் ஒளியையும் மின் சைகையையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். 2,800 ரூபாய் கூடுதல். இழையில் மின்சாரம் ஏறாது. கரண்ட் வழியாக வருவதைத் தடுக்கத் தனியாக ஸ்பைக் கார்டு. இத்தனைக்கும் மேலே, இடி இடித்தால் ஆத்தா போய் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் அதிக நம்பிக்கை.

மின்தடைக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போனால் மதியம் வரை தாங்கும், அதற்கு மேல் இல்லை.

உண்மையான சோதனை பங்குனியில் நடந்தது. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குக் கோலாலம்பூர்க்காரர்கள் தவிரப் பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள், எழுபது பேருக்கு மேல், ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு இரண்டு. கெஸ்ட் வைஃபை தனியாகத் திறந்து அதற்கு வேக வரம்பும் வைத்தேன். பெட்டிகள் தாங்கின, ஒரு தடவைகூட மறுதொடக்கம் செய்யவில்லை. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். படைக்கிற இடத்தில் போன் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், அது சரிதான். பந்தியை மட்டும் கோலாலம்பூர்க்காரர்களுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தோம். பாயசம் வரும் நேரத்தில் படம் உறைந்துபோனது. பதறிப்போய் உள்ளே ஓடினால், சமையல்காரர் அடுப்படிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் சொருகியிருக்கிறார். “வெள்ளையா ஒண்ணு சும்மாதானே கிடந்துச்சு” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இப்போது அந்தப் பிளக் மேல் ‘தொடாதே’ என்று தாள் ஒட்டியிருக்கிறேன்.

ஆக மொத்தம் பெட்டி, கேபிள், கூலி, இழை எல்லாம் சேர்த்து 14,000. கேபிள் இழுக்க மனமில்லை என்றால் இந்தச் செட்டை வாங்காதீர்கள், இரண்டு பெட்டி செட்டே போதும், அடுப்படியை மறந்துவிடுங்கள். கேபிள் இழுப்பதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம், எனக்குக் கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. மாடி அறைகளுக்கு இன்னும் எட்டவில்லை. அங்கே இப்போது புறாக்கள்தான் இருக்கின்றன, அவை கேட்கவில்லை.

அந்த 1,100 ரூபாய் ரிப்பீட்டர் அட்டைப் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. ஒற்றைச் செங்கல் சுவர் வைத்த வீட்டுக்காரர் யாராவது வந்து கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன்.