நகராத விலங்குகளுக்காக நாற்பது கிலோமீட்டர்: வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஒரு சந்திப்பு

விலங்கு என்றால் சோறு தண்ணீரை மறந்துவிடும் பதினான்கு பேர் நாங்கள். மூன்று ஆண்டுகளாகக் கைபேசித் திரையில் மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்த எங்களுக்கு, ஒரு நாள் முழுவதும் நேரில் கூடிப் பார்க்கவும் பேசவும் ஏற்ற உயிரியல் பூங்கா எது என்ற கேள்விக்கு இரண்டாவது முயற்சியில்தான் விடை கிடைத்தது. அந்த விடை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை. எங்களைப் போன்ற பிற குழுக்களுக்குப் பயன்படும் என்பதால் இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு வண்டலூரில் நடந்தது. 1855-இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சியின் வழிவந்து, 1985-இல் இப்போதைய இடத்தில் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 602 ஹெக்டேர் பரப்புள்ள காடு. தனியாகவோ குடும்பத்தோடோ செல்பவர்களுக்கு அந்தப் பரப்பே பெரும் பேறு. ஆனால் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்க்கும் குழுவுக்கு அதுவே இடையூறாயிற்று. பறவைப் பித்தர்கள் ஓட்டேரி ஏரிக்கரையை விட்டு வரவில்லை. குரங்குப் பித்தர்கள் சிங்கவால் குரங்கின் முன் நின்றவர்கள் நின்றவர்கள்தாம். மாலையில் வாயிலில் மீண்டும் கூடியபோது, பாதிப் பேரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை என்பது உறைத்தது. பூங்காவின் மீது இதில் குறையொன்றும் இல்லை. பதினான்கு பேருக்கு அது பெரிய இடம், அவ்வளவுதான்.

முதலைப் பண்ணையின் மொத்தப் பரப்பு எட்டரை ஏக்கர். மரநிழலில் மணல் பரப்பிய நடைபாதை தொட்டிகளையும் குளங்களையும் சுற்றிச் சென்று புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. கூட்டத்திலிருந்து பிரிந்தவர் யாராக இருந்தாலும் கால் மணி நேரத்தில் மீண்டும் நம் முன்னால் வந்து நிற்பார். வேறொரு வசதியும் உண்டு, அதுதான் இந்த இடத்தின் சிறப்பென்று நான் கருதுகிறேன். முதலை நகர்வதில்லை. புலிக்கூண்டின் முன் நிற்பவர்கள் புலி எழுந்து நடக்குமா என்ற எதிர்பார்ப்பிலேயே வாயடைத்து நிற்பார்கள். முதலைக் குளத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பவர்களுக்கோ விலங்கைப் பார்த்துக்கொண்டே உலகக் கதை முழுவதையும் பேச முடிகிறது. காலை ஒன்பதரைக்குத் தயங்கித் தயங்கி வணக்கம் சொல்லிக்கொண்டவர்கள், பதினொரு மணிக்குள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றதற்கு அந்தக் குளக்கரையே காரணம். ஆந்தைப் படத்தைத் தன் அடையாளமாக வைத்திருந்தவரை அதுவரை நாங்கள் அனைவரும் இளைஞர் என்றே எண்ணியிருந்தோம்; அவர் திருச்சியிலிருந்து பேரனோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. அரை மணி நேரத்தில் அவர் எல்லோருக்கும் "டீச்சரம்மா" ஆகிவிட்டார்.

ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் ஸை விட்டேக்கரும் தோழர்களோடு சேர்ந்து 1976-இல் இந்த இடத்தைத் தொடங்கினார்கள். தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் மூன்றும், அதாவது சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, சொம்புமூக்கு முதலை ஆகிய மூன்றும், அருகிவந்த காலம் அது. ஆங்கிலப் பெயரில் இதனை வங்கி என்கிறார்கள். தமிழில் நாம் பண்ணை என்கிறோம். இரண்டில் வங்கி என்பதே பொருத்தமான சொல். பண்ணை என்றால் வளர்த்து விற்பது என்று பொருள்படும். இங்கே எதையும் விற்பதில்லை. காட்டில் இருப்பு குறைந்தால் எடுத்துக் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்த முதல்தான் இந்த முதலைகள். ஆனால் முதல் அளவுக்கு மீறி வட்டி போட்டுவிட்டது. சதுப்புநில முதலைகள் இங்கே பெருகிய வேகத்துக்கு, அவற்றைக் கொண்டுபோய் விடுவதற்கு ஏற்ற ஆறும் ஏரியும் நாட்டில் மிஞ்சவில்லை. ஆகவே பிற்காலத்தில் இனப்பெருக்கத்தைத் தடுப்பதே பெரிய வேலையாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு மையத்துக்கு அனுப்ப ஏற்பாடானதும் இந்த நெருக்கடியால்தான். அந்த இடமாற்றம் சரியா என்பதில் எங்கள் குழு மூன்றாகப் பிளந்தது; அந்த விவாதம் மதிய உணவு வரை நீண்டது.

பார்வையாளர்கள் பலர் இந்த முதலைகளைச் சிலைகள் என்றே நினைத்துவிடுகிறார்கள். "பொம்மைதானே இது?" என்ற கேள்வியை ஒரே காலையில் நான்கு முறை கேட்டேன். வாயைப் பிளந்தபடி மணிக்கணக்கில் கிடப்பது உடல் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்வதற்காக என்று தெரியாதவர்கள், அது உயிருள்ளதா என்று சோதிக்கக் கல்லைத் தேடிக் குனிவதுண்டு. குழுவாகச் செல்வதன் பயனை அங்கேதான் கண்டேன். கல்லெடுத்த ஒரு சிறுவனிடம் எங்கள் டீச்சரம்மா, "தம்பி, அது தூங்கல, வெயில் காயுது, கொஞ்ச நேரம் அதோட கண்ணையே பாரு" என்று சொல்லி அருகில் நிறுத்திக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் அந்த முதலையின் கண்மீது மெல்லிய திரையொன்று குறுக்கே ஓடித் திரும்பியது. சிறுவன் தன் குடும்பம் முழுவதையும் கூவி அழைத்துவிட்டான்.

இந்தக் குளங்களில் நடந்த ஆராய்ச்சிகளை அறிந்துகொண்டு சென்றால், பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். முட்டைக்குள் இருக்கும் முதலைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் வெப்பமே முடிவு செய்கிறது. சதுப்புநில முதலையில் 31 டிகிரி செல்சியசும் அதற்குக் குறைந்த வெப்பமும் பெண்களைத் தரும், 32.5 டிகிரியை ஒட்டி ஆண்கள் மிகுதியாகப் பிறக்கும் என்பதை விட்டேக்கரும் உடன் பணியாற்றியோரும் இங்குள்ள முட்டைகளைக் கொண்டு ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை டிகிரிக்குள் ஒரு தலைமுறையின் ஆண் பெண் கணக்கே மாறிவிடுகிறது என்னும்போது, கோடை ஆண்டுக்காண்டு ஏறிவரும் காலத்தில் அந்த மணல்மேட்டைப் பார்க்கையில் மனம் சற்றுக் கலங்கத்தான் செய்கிறது. ஆண் முதலையும் குஞ்சுகளைக் காப்பதில் பங்கேற்கிறது என்பதும் இங்கே கவனித்துப் பதிவு செய்யப்பட்டதே. அதுவரை தாய்க்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட பணி அது. எங்கள் குழுவில் இருந்த தந்தையர் இருவர் இந்தச் செய்தியைக் கேட்டதும் காரணமின்றி நிமிர்ந்து நின்றார்கள்.

எல்லாவற்றையும் விட எங்களை இழுத்து நிறுத்தியது சுள்ளிச் செய்தி. பெரிய முதலைக் குளத்தின் மேலுள்ள மரங்களில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. கூட்டுக்குச் சுள்ளி தேவை. சுள்ளிக்காகக் கொக்குகளிடையே போட்டி. சில முதலைகள் மூக்கின் மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி அசையாமல் நீரில் கிடப்பதையும், சுள்ளியை எடுக்க வரும் பறவையின் மேல் அவை பாய்வதையும் விளாதிமிர் டைனெட்ஸ் என்ற ஆய்வாளர் இதே குளத்தில் கண்டார். அமெரிக்காவில் முதலைகளின் உறவினமான அலிகேட்டர்களிடமும் இதே பழக்கத்தைக் கண்டபின் 2013-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக்கினார். ஊர்வன கருவியைப் பயன்படுத்தி இரை தேடுவதற்குச் சான்றாக அது பேசப்பட்டது. தூண்டிலில் புழு மாட்டும் நாம், முதலையை மட்டும் மந்தம் என்கிறோம்.

ஏனையவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். சொம்புமூக்கு முதலையைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது. நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள் கொண்ட அந்த ஒல்லியான நீண்ட வாய் மீன் பிடிப்பதற்கென்றே அமைந்தது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் கவிழ்த்த சொம்பு போன்ற புடைப்பு இருக்கும், வடஇந்தியர் வைத்த "கரியால்" என்ற பெயரும் நம் பெயரும் அந்தச் சொம்பையே சுட்டுகின்றன. சங்கப் பாட்டொன்று முதலை, இடங்கர், கராம் என்று மூன்றைத் தனித்தனியே அடுக்குவதை ஒருவர் நினைவூட்டினார். எது எதைக் குறிக்கும் என்பதில் உரையாசிரியர்களுக்கே ஒருமித்த கருத்தில்லை என்பதால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டோம். அல்டாப்ரா தீவின் பெரிய ஆமைகள் கழுத்தை நீட்டி நடந்து வருவது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கிறது. கொமோடோ உடும்பு எங்களுக்குத் தன் முதுகை மட்டுமே காட்டியது.

வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்செடுக்கும் மையம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம், தயங்காமல் கொடுங்கள். பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டு இருளர்களின் பிழைப்பு போன நிலையில், 1978-இல் தொடங்கிய சங்கம் இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும், துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் இருக்கின்றன. பிடித்துவந்த பாம்பைச் சில வாரங்கள் மட்டும் வைத்திருந்து, இடைவெளிவிட்டு நஞ்செடுத்து, மீண்டும் அதையே பிடித்துவிடாதபடி அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று கணித்தது. அந்த எண்ணிக்கையைக் குறைக்கப் போராடும் முறிமருந்து இங்கே பானைக்குள்ளிருந்து புறப்படுகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதைப் பலரும் அறிவார்கள். கண்ணாடி விரியனைக் கொக்கியால் தூக்கிய கைகளில் சிறு நடுக்கமும் இல்லை; பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கால்கள்தாம் பின்வாங்கின.

செல்ல விரும்பும் குழுக்களுக்குச் சில சொற்கள். திங்கட்கிழமை விடுமுறை. மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் வாயிலருகிலேயே நிற்கின்றன, அவற்றிலேயே செல்லுங்கள். நாங்கள் வாடகைக்கு அமர்த்திய வேன், பேசிய தொகைக்கு மேல் காத்திருப்புக் கட்டணம் என்று ஒரு கணக்கை இறுதியில் நீட்டி, நாளின் இனிமையில் கொஞ்சம் உப்பைக் கொட்டியது. சாலையோரத்தில் நாங்கள் நம்பி நுழைந்த உணவகமும் அப்படித்தான். பதினான்கு பேருக்கு மீன் சாப்பாடு வர ஒன்றேகால் மணி நேரம், வந்த குழம்பும் ஆறியிருந்தது. அடுத்த முறை கட்டுச்சோறுதான் என்று அங்கேயே முடிவாயிற்று. காலை திறக்கும் நேரத்தில் உள்ளே போய்விட்டால் முதலைகள் வெயில் காயக் கரையேறுவதைப் பார்க்கலாம். நண்பகலில் கடற்கரை மணல் தகிக்கும், முதலைகளும் நீருக்குள் போய்விடும். இருகண்நோக்கி (பைனாகுலர்) கொண்டுசெல்லுங்கள். வேகமாக ஓடும், பாயும் விலங்குகளைக் காண விரும்பும் சிறுவர்கள் குழுவில் மிகுதி என்றால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டுவிடுவார்கள். பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த இருபது பேருக்குட்பட்ட குழுவுக்கு, சென்னையைச் சுற்றி இதைவிடச் சிறந்த சந்திப்பிடத்தை நான் அறியேன். ஐந்துக்கு நாலரை தருகிறேன்; அந்த அரை மதிப்பெண்ணைக் கொமோடோ உடும்பு முகம் காட்டினால் கொடுத்துவிடுவேன்.

மாலை நாலரை மணிக்குப் பெரிய குளத்தில் ஒரு முதலையின் மூக்கின்மேல் விரல் நீளச் சுள்ளியொன்று கிடப்பதை டீச்சரம்மாவின் பேரன் கண்டுபிடித்தான். வைத்துக்கொண்டிருக்கிறது என்றது ஒரு கட்சி. மேலிருந்து விழுந்து ஒட்டியிருக்கிறது என்றது மறு கட்சி. கொக்குகள் கிளைகளில் அமர்ந்திருந்தனவே தவிர, ஒன்றும் கீழிறங்கவில்லை. நாற்பது நிமிடம் முதலை அசையவில்லை, சுள்ளியும் விழவில்லை. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள். எங்கள் இரு கட்சியாரும் விடவில்லை. காவலர் வந்து மூடும் நேரமாயிற்று என்று சொல்லும் வரை அங்கேயே நின்றோம். கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில் மீண்டும் வந்து தீர்த்துக்கொள்வது என்று முடிவாகி, வாயிலருகே நின்று நாள் குறித்துவிட்டுத்தான் வேன் ஏறினோம். டீச்சரம்மா புளியோதரை கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.