தோட்டத்து ஒஸ்ரின் பிக்கப்: பழைய பெற்றோல் எஞ்சினா, டீசல் எஞ்சினா?

யாழ்ப்பாணத்து நீர்வேலித் தோட்டத்திலிருந்து அங்குள்ள திருநெல்வேலிச் சந்தைக்கு வாழைக்குலை சுமந்த எங்கள் ஒஸ்ரின் ஏ40 பிக்கப், இப்போது கொழும்பில் ஒரு கராச்சின் தகரக் கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. அதை மீண்டும் ஓடவைப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பழைய பெற்றோல் எஞ்சினையே திருத்துவதா, ரொயோட்டா 2சி போன்ற டீசல் எஞ்சினைப் பொருத்துவதா என்பதுதான் மிஞ்சிய கேள்வி.

பழைய எஞ்சின் 1200 சிசி, 40 குதிரைவலு கொண்டது. அதன் அமுக்க விகிதம், அதாவது எரிகலவையைச் சிலிண்டருக்குள் அமுக்கும் மடங்கு, ஏறத்தாழ 7 மட்டுமே என்பதால்தான், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத 1990களில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கிய பின் மண்ணெண்ணெயிலேயே ஓட அதனால் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ குடும்பங்களை அந்நாளில் சுமந்தவை இந்த ஏ40கள்தான். ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய், சிலிண்டர் சுவரிலிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்ததால், சிலிண்டர்கள் தேய்ந்தும் பெயரிங்குகள் தளர்ந்தும் போயின. திருத்துவதென்றால் சிலிண்டர்களைப் போர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, பெரிய அளவுப் பிஸ்டன் போடவேண்டும். கிராங்க் தண்டையும் கிரைண்ட் செய்யவேண்டும். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டதால், வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளுக்கு அது தந்த பாதுகாப்பும் இன்று இல்லை. கடினமான உருக்கு வளையங்களை அங்கே பதிப்பது நல்லது. இத்தனையும் செய்தபின் சாதாரண 92 ஒக்ரேன் பெற்றோலே அதற்குப் போதும். சில பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரும்வரை காத்திருக்க நேரும் என்பது இந்த வழியின் உண்மையான குறை.

டீசல் எஞ்சினின் கவர்ச்சி எளிதில் விளங்கக்கூடியது. கொழும்பின் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் எஞ்சினும் உதிரிப்பாகமும் கிடைக்கும், எரிபொருளும் மிஞ்சும். ஆயினும் எஞ்சினின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று எண்ணுவது தவறு. அடிச்சட்டத்தில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்யவேண்டும், புரொப்பல்லர் தண்டை வெட்டிப் பொருத்தவேண்டும், கூடுதல் பாரத்துக்கேற்ப முன் சுருள்வில்களை மாற்றவேண்டும். 40 குதிரைவலுவுக்கென அமைந்த பின் அச்சும் பிறேக்கும் டீசல் எஞ்சினின் கூடுதல் வலுவைத் தாங்குமா என்ற கவலை அதன் பிறகும் இருக்கும். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யவும் வேண்டும்.

நாள்தோறும் சந்தைக்கு ஓடும் வண்டியாக இருந்தால் டீசலையே நானும் சொல்லியிருப்பேன். எங்களுடையதோ ஏறத்தாழ 500 கிலோ ஏற்றும் பிக்கப். குலை வெட்டும் நாட்களில் மட்டும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வரப்போகிறது. அதற்கு 40 குதிரைவலு தாராளம். பெற்றோலுக்குக் கூடுதலாகச் செலவாகும் காசு, அடிச்சட்டத்தை வெட்டி ஒட்டும் கூலியை எட்டப் பல ஆண்டுகள் செல்லும். அதனால் பழைய எஞ்சினையே திருத்தக் கொடுக்கிறேன்.

பழமையைக் காப்பது என்ற பேச்சுக்கு நான் இடம் கொடுக்காத இடங்கள் இரண்டு. பிறேக்கின் மாஸ்டர் சிலிண்டர், குழாய்கள், லைனிங் அனைத்தும் புதிதாகவே போடப்படும். துணி சுற்றிய பழைய வயர்களும் ஒன்று விடாமல் கழற்றப்படும். எஞ்சின் போர் செய்யப்பட்டுத் திரும்பி வருவதற்கு முன்பே இந்த இரண்டு வேலைகளையும் முடிக்கும்படி கராச்சில் சொல்லிவைத்திருக்கிறேன்.