செல்ஃப் எடுக்காத பழைய பிக்கப்: மாற்றிப் பார்ப்பதா, டெஸ்ட் லைட்டா, மல்டிமீட்டரா?

207, பொலேரோ மாதிரி பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் போய் "செல்ஃப் எடுக்கவில்லை" (சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார் வேலை செய்யவில்லை) என்று சொல்லிப் பாருங்கள். பேட்டரியை மாற்று என்பார் ஒருவர், மோட்டாரைக் கழற்றிக் கொடு என்பார் இன்னொருவர், கொஞ்சம் நிதானமானவர் டெஸ்ட் லைட் (கரண்ட் வரும் இடத்தில் வைத்தால் எரியும் சின்ன பல்பு) வைத்துப் பார் என்பார். மல்டிமீட்டரைச் சொல்பவர் குறைவு. எங்கள் வண்டியில் இந்தத் தொல்லை வந்தபோது நான் மீட்டரைத்தான் எடுத்தேன், இன்றைக்கும் அந்தக் கட்சிதான். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. டக்டக்கென்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் தெம்பில்லை. ஒரே ஒரு "டக்" என்றால் பெரிய கேபிள், சோலினாய்டின் (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) செம்புக் காண்டாக்ட், மோட்டார் இவற்றில் ஒன்று. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, சோலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு இது போதும், காசை இறக்குவதற்குப் போதாது.

மாற்றிப் பார்க்கும் முறையில் உருப்படியானது ஒன்றுதான்: பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுப் பார்ப்பது. செலவே கிடையாது. ஆனால் ஜம்பர் போட்டதும் வண்டி எடுத்துவிட்டது, அதனால் பேட்டரி போச்சு என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. கறுப்புக் கவ்வியை இன்ஜினில் மாட்டியிருந்தால் பேட்டரியோடு சேர்த்து வண்டியின் எர்த் லைனையும் (பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் இடையிலான வழி) நீங்கள் தாண்டிவிட்டீர்கள். எர்த் பட்டை கெட்டுப்போன வண்டியும் ஜம்பரில் ஜம்மென்று எடுக்கும். சில ஆயிரம் கொடுத்துப் புது பேட்டரி வாங்கிப் போட்ட மறுநாள் மறுபடி அதே "டக்".

டெஸ்ட் லைட் மலிவு, இருட்டிலும் வேலை செய்யும், எண்களைப் படிக்க வேண்டியதில்லை. ஃபியூஸ், ரிலே, சாவி லைனுக்கு இதுவே போதும். ஆனால் பெரிய கேபிளில் இதை நம்பக்கூடாது. 5 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியர்கூட இல்லை. டீசல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டார் இழுப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். கேபிளில் நாலு இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் பல்பு பளிச்சென்று எரியும், மோட்டார் மட்டும் அசையாது. மீட்டரை ஓம்ஸில் வைத்து கேபிளைச் சோதிப்பவர்களுக்கும் இதே கதிதான். 0.01 ஓம் என்பது சாதாரண மீட்டருக்குப் பூஜ்யம் மாதிரி, ஆனால் அதன் வழியே 200 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே காலி.

நான் மீட்டர் பக்கம் சாய்வது இதனால்தான். கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் (சாவியிலேயே ஆஃப் ஆகும் வண்டியென்றால் டீசல் பம்ப் மேல் இருக்கும், டீசலை நிறுத்துகிற வேறொரு சோலினாய்டின் ஒயரைக் கழற்றிவிடலாம்). மீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். உதவிக்கு ஒருவர் சாவியைத் திருப்பினால் நல்லது. துண்டு, தொங்கும் சட்டை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போக வேண்டாம்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஓட்டி நிறுத்தின கையோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும், ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளக்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி அளந்தால் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியே போய்விட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மூடி திறக்கிற பேட்டரியென்றால் இந்த இடத்தில் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் நல்ல துணை, ஒரு செல் மட்டும் செத்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.8-இல் நின்றது. ஆக பேட்டரி மேல் பழியில்லை. அடுத்து ஒரு முனையை பாசிட்டிவ் கம்பத்திலும் (கிளாம்ப்பில் வைக்கக் கூடாது, ஈயக் கம்பத்தின் தலையில்), மறுமுனையை மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால் 0.3 வோல்ட். அந்த வழியில் வீணாகும் வோல்ட் இது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அப்புறம் எர்த்: நெகட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டார் உடம்புக்கு. 1.6 வோல்ட்! அங்கே 0.2, 0.3-க்கு மேல் போகவே கூடாது. முனையை ஒவ்வோர் இடமாக நகர்த்திக்கொண்டே வந்தால், சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டையைத் தாண்டும் இடத்தில்தான் எண் குதித்தது. போல்ட்டைக் கழற்றினால் பட்டை முனையின் லக்கின் அடியில் பச்சைப் பொடி, அதற்கும் கீழே யாரோ எப்போதோ சேசிஸுக்கு அடித்த பெயின்ட். எமரி ஷீட்டால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பட்டையை மட்டும் புதிதாகப் போட்டதில் வேலை முடிந்தது. மோட்டாரைக் கழற்றவே இல்லை.

இரண்டு பக்கமும் சரி, மோட்டார் வரை நல்ல வோல்டேஜ் போகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ், புஷ், ஆர்மேச்சர், இல்லாவிட்டால் இன்ஜினே இறுக்கம். அதற்குமேல் எது என்று பிரிக்க கேபிளைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் வேண்டும் என்கிறார்கள். இரவல் வாங்கி மாட்டிப் பார்த்ததோடு சரி, அதை நம்பி ஆர்மேச்சருக்குத் தீர்ப்பு எழுதும் அளவுக்கு எனக்குக் கை பழகவில்லை. சாவிக்குள் சிப் இருக்கும் புது வண்டிகளுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் மீட்டர் பல்பிடம் தோற்கும். எப்போதாவது மட்டும் மக்கர் செய்கிற வண்டியை வீட்டில் நிறுத்தி அளந்தால் எல்லாம் சுத்தமாகவே காட்டும். அந்த மாதிரி வண்டிக்கு, சோலினாய்டின் மெல்லிய ஒயர் முனையிலிருந்து ஒரு ஒயரைச் சின்ன ஃபியூஸோடு டேஷ்போர்டுக்கு இழுத்து, பல்பு ஒன்று மாட்டி, மறுமுனையை எர்த் செய்துவிடுங்கள். செல்ஃப் எடுக்காத நேரத்தில் சாவியைத் திருப்பும்போது பல்பு எரிந்தால் மோட்டார் பக்கமும் பெரிய கேபிளும், எரியாவிட்டால் சாவி சுவிட்சும் ரிலேவும்.