கல்லைத் தின்னாத மெஷின்: வைப்ரேட்டரி டம்ளரோடு நான்கு வருடம்

டம்ளர் வாங்கப் போகிறேன் என்றதும், “இருக்கற டம்ளரைக் கழுவி வைக்கவே ஆளில்லீங்க” என்றாள் மனைவி. கல்லுக்குப் பாலிஷ் போடும் டம்ளர் என்று விளக்கினேன். “அதுதான் மொட்டை மாடியில ஒண்ணு மூணு வருஷமா உருண்டுட்டே கிடக்குதே?” என்றாள். நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்கு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு இப்போது தெரிகிறது.

கோவையில் வெள்ளி மோதிரம், பதக்கம், தோடு செய்கிறேன். பெரிய பட்டறை எல்லாம் இல்லை, ஆர்டருக்குச் செய்வதுதான். கல் பெரும்பாலும் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வரும். காங்கேயம் வட்டாரத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் உழுத காட்டில் கல் பொறுக்கப் போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். சந்திரகாந்தக் கல், புகை நிறப் படிகம், கார்னெட் எல்லாம் கிடைக்கும். பக்கத்துப் படியூரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கடல்நீல நிறப் பெரில் கல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் இரண்டாயிரம் வருடம் முன்பே கல்மணி செய்த பட்டறைகள் இருந்ததை அகழாய்வில் கண்டார்கள். மின்சாரம் இல்லாமல் அந்தச் சின்ன மணிக்கு அவர்கள் மெருகேற்றியதை நினைத்தால், மெஷினைப் பற்றிக் குறை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் வைத்திருந்தது உருளும் வகை. ரப்பர் டிரம்முக்குள் கல், கார்போரண்டம் பொடி, தண்ணீர் போட்டு மூடிவிட்டால் இரவும் பகலும் உருண்டுகொண்டே இருக்கும். கரடுப் பொடிக்கு ஒரு வாரம், அடுத்ததற்கு ஒரு வாரம் என்று நான்கு கட்டம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அகேட், வெங்கச்சாங்கல் மாதிரியான கெட்டிக் கல்லுக்கு அருமையான மெஷின். கூர்முனையெல்லாம் கரைந்து ஆற்றுக் கூழாங்கல் போல வரும். எனக்குப் பிரச்சினையே அதுதான். சந்திரகாந்தக் கல்லில் அந்த நீல ஒளி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, சாணையில் குவிந்த வடிவமாக அரைத்தெடுப்பேன். அதை டிரம்மில் போட்டால் இரண்டு வாரத்தில் அடிப்பக்கம் உருண்டு, உயரம் குறைந்து, ஒளி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். போதாததற்கு இந்தக் கல் இரண்டு திசையில் சுலபமாகப் பிளக்கும் இனம். டிரம்மில் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது ஓரங்களில் சின்னச் சின்ன வெள்ளைக் காயம் விழும். அதற்கப்புறம் எந்தப் பாலிஷாலும் அது போகாது.

வைப்ரேட்டரி வகையில் கல் விழுவதே இல்லை. ஸ்பிரிங் மேல் ஒரு கிண்ணம், கீழே மோட்டார், அதன் தண்டில் ஒரு பக்கம் மட்டும் கனமாக ஒரு எடை. மோட்டார் சுற்றினால் கிண்ணம் நடுங்கும். உள்ளே இருப்பதெல்லாம் மெதுவாகப் புரண்டபடி வட்டமாக நகரும். ஒரு கல் இன்னொரு கல்லைத் தேய்க்கிறது, அவ்வளவுதான், அடிப்பதில்லை. அதனால் வடிவம் மாறாது. இதையே திருப்பிச் சொன்னால் அதுதான் இதன் குறை: கரடுமுரடான கல்லை இது உருட்டித் தராது. வடிவத்தை முன்பே டிரம்மிலோ சாணையிலோ முடித்துக் கொண்டுவர வேண்டும். பலர் “வேகமான டம்ளர்” என்று கேள்விப்பட்டு இதை மட்டும் வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

வாங்கும்போது லாட்-ஓ, ரேடெக், தம்லர்ஸ், மினி-சோனிக் என்று அமெரிக்கப் பெயர்கள்தான் அதிகம் கண்ணில் பட்டன. கோவையில் வைப்ரோ மெஷின் ஒன்றும் புதிதில்லை. உதிரிப்பாகங்களில் பிசிறு எடுக்க நிறையப் பட்டறைகளில் ஓடுகிறது. ஆனால் அதில் மூட்டைக் கணக்கில் கொட்ட வேண்டும். என்னிடம் ஒரு தடவைக்குச் சேருவது ஒரு கிலோ கல். நகைக்கடைக்காரர்களுக்கு விற்கும் சின்ன வைப்ரேட்டர் ஒன்றையும் பார்த்தேன். அது உலர்ந்த தூளில் உலோகத்தைப் பளபளப்பாக்கச் செய்தது. ஈரப் பொடியை அதில் போட்டால் மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணம் அதிக நாள் தாங்காது. கடைசியில் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த மச்சான் பெட்டியில் ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு கிலோ பிடிக்கும் கிண்ணம். அவர் துணிமணியில் பாதியை விட்டுவிட்டு வந்ததை அக்கா இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க 110 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஓடியது. அரை மணி நேரத்தில் மோட்டாரைத் தொட முடியவில்லை. கிண்ணத்துக்குள் கல்லும் சோம்பேறித்தனமாக நகர்ந்தது. காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். “தம்பி, வோல்ட்டைக் குறைச்சீங்க, சைக்கிளை என்ன பண்ணுவீங்க?” என்று சிரித்தார். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த மோட்டார் நம் 50-இல் ஓடினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். அதிர்வின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், கிண்ணத்துக்கு வரும் உதறல் சுமார் 30 சதவீதம் குறைகிறது. சூட்டுக்குக் காரணம் வேறு. ஹெர்ட்ஸ் குறையும் அளவுக்கு வோல்ட்டும் குறைய வேண்டும். 120-ஐ ஆறில் ஐந்து பங்காக்கினால் 100. அண்ணன் ட்ரான்ஸ்ஃபார்மரில் 100 வோல்ட்டுக்கு ஒரு டேப்பிங் எடுத்துக் கொடுத்தார். சூடு அடங்கியது. உதறலுக்குத் தண்டில் இருக்கும் எடையோடு இன்னொரு துண்டு இரும்பைப் போல்ட் போட்டோம். கல் புரள ஆரம்பித்தது.

இரண்டே முக்கால் வருடம் அப்படியே ஓடி அந்த மோட்டார் ஓய்ந்தது. அதே ஜாதி மோட்டாரைத் தேடாமல், உள்ளூரில் கிடைக்கும் கால் எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டாரையும், வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓடி, ஹெர்ட்ஸை நம் விருப்பத்துக்குக் கூட்டிக் குறைக்க விடும் சின்ன விஎஃப்டி ஒன்றையும் போட்டேன். செலவு கொஞ்சம் உறைத்தது. ஆனால் இந்த நான்கு வருடத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான். ஒட்டுப்போட்ட இரும்பைக் கழற்றிவிட்டேன். இப்போது அகேட் என்றால் 60 ஹெர்ட்ஸில் வைப்பேன், சந்திரகாந்தம் என்றால் 54 வரை இறக்குவேன். காது கொடுத்துக் கேட்டாலே எந்த அளவில் ஓடுகிறது என்று தெரிகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

அடுத்தது தண்ணீர். முதல் ஆறு மாதம் என் கல் பாழாகக் காரணம் மெஷினும் இல்லை, பொடியும் இல்லை. தண்ணீர்தான். டிரம்மில் கல் மூழ்கத் தண்ணீர் விட்டுப் பழகிய கை, இதிலும் தாராளமாக விட்டது. பொடியெல்லாம் கழுவிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. கல் இரண்டு நாள் சும்மா குளித்துவிட்டு வந்தது. சரி என்று குறைத்தால், சேறு கெட்டியாகி எல்லாம் ஒரே உருண்டையாக ஒட்டிக்கொண்டது. கல் நனைந்து மினுங்க வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இட்லி மாவைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்தால் எப்படி இருக்குமோ அந்தப் பதத்தில் சேறு கல்லின் மேல் பூசியிருக்க வேண்டும். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் நான்கைந்து அடி அடித்தால் போதும். மார்கழியில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தெளித்தால் ஓடும். சித்திரை வெயிலில், அதுவும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நாளில், மூடி போட்டிருந்தாலும் நான்கு மணி நேரம் தாங்காது. கைக்குழந்தை மாதிரிதான். வெளியூர் போகிற நாளில் நான் இதைப் போடுவதே இல்லை.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் சிறுவாணியும் வரும், போர் தண்ணீரும் உண்டு. பாலிஷ் கட்டத்தில் போர் தண்ணீர் விட்ட சரக்கு, காய்ந்ததும் மேலே மெல்லிய வெண்படலத்தோடு வந்தது. பாலிஷ் ஏறவில்லையோ என்று மறுபடி ஓட்டி இரண்டு நாளை வீணாக்கினேன். அப்புறம்தான் ஒன்றிரண்டு படிகத்தை வினிகரில் போட்டுப் பார்த்தேன். உப்புப் படலம் கரைந்து உள்ளே கண்ணாடி மாதிரி கல். படிகம், அகேட் எல்லாம் வினிகருக்கு அசையாது. சுண்ணாம்பு இனக் கல்லை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.

பொடி விஷயம். எண் கூடக் கூடப் பொடி நைசாகும். டிரம்மில் 60/90, அப்புறம் 120/220 முடித்துக்கொண்டு இங்கே வருவேன். சாணையில் வடிவம் செய்த கல்லாக இருந்தால் நேராக இங்கேதான். 500 எண் அலுமினியம் ஆக்சைடு ஒன்றரை ஸ்பூன், இரண்டு நாள். பிறகு 1000 ஒரு நாள். கடைசியாகப் பாலிஷ் பொடி, ஒன்றரை நாள். அகேட்டுக்கு மைக்ரான் அளவு அலுமினியம் ஆக்சைடு, சந்திரகாந்தத்துக்குச் சீரியம் ஆக்சைடு. முடிவில் வாசனையில்லாத துணி சோப்பைத் துருவிப் போட்டு ஒரு மணி நேரம். ஆக ஐந்து நாளுக்குள் வேலை முடிகிறது. கிண்ணத்தில் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தால்தான் கல் ஒழுங்காகப் புரளும். கல் போதாவிட்டால் பீங்கான் உருண்டைகளைப் போட்டு நிரப்புவேன். 5 மில்லிமீட்டர் தோட்டுக் கல்லுக்கெல்லாம் அந்த உருண்டைகள்தான் மெத்தை.

ஒரு முறை இடம் மிச்சம் இருக்கிறதே என்று சந்திரகாந்தத்தோடு ஒரு கைப்பிடி கார்னெட்டைப் போட்டேன். கார்னெட்டின் கடினம் 7-க்கு மேல், சந்திரகாந்தம் 6 சொச்சம். கார்னெட் அழகாக வந்தது. சந்திரகாந்தம் நாற்பது கல்லும் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி மங்கிப் போயின. இன்னொரு முறை, 220 ஓட்டிய பீங்கான் உருண்டைகளைக் கழுவி பாலிஷுக்கும் அதையே போட்டேன். உருண்டையின் துளையில் ஒளிந்திருந்த நாலு மணல் போதும், எல்லாக் கல்லிலும் கோடு. அன்றிலிருந்து பாலிஷுக்குத் தனிக் கிண்ணம், தனி உருண்டை, தனி பிரஷ். மெஷின் வாங்கும்போதே இன்னொரு கிண்ணம் சேர்த்து வாங்க முடியுமா என்று பாருங்கள். அரிசி களையும் சல்லடையை எடுத்து வந்தது தனிக்கதை. அதை வீட்டில் திரும்ப வாங்கவில்லை, புதிதாக வாங்கித் தரச் சொல்லிவிட்டார்கள்.

சத்தம் அதிகம் இல்லை, ஆனால் தரை வழியாக இறங்கும். கீழ்வீட்டு அம்மா முதல் வாரமே, “ராத்திரி பூரா கொர்ருனு ஒரு சத்தம், கிரைண்டரை நிறுத்த மறந்துட்டீங்களா?” என்று கேட்டார். இப்போது பழைய டிராக்டர் டியூப் துண்டு, அதன் மேல் சிமென்ட் ஸ்லாப், அதன் மேல் மெஷின். அந்த அம்மா அப்புறம் கேட்கவில்லை. நட்டெல்லாம் தானாகக் கழலும், நைலான் வளையம் உள்ள நட்டு போடுவது நல்லது. கரண்ட் போய் வருவது பெரிய தொல்லை. நின்ற நேரத்தில் சேறு இறுகிவிடும், நடுராத்திரி கரண்ட் வந்தால் இறுகிய சுமையோடு தானாக ஓட ஆரம்பிக்கும். என் முதல் மோட்டார் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அண்ணன் சொன்னார். பம்ப் மோட்டார் ஸ்டார்ட்டர் மாதிரி, கரண்ட் போனால் விழுந்துவிடும் சின்ன கான்டாக்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். பட்டனை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். அமுக்கும் முன் ஒரு மரக்கரண்டியால் கிளறித் தண்ணீர் தெளித்துவிடுவேன்.

கழுவிய சேற்றைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள் சிமென்ட் மாதிரி உட்காரும். ஒரு பழைய பெயின்ட் பக்கெட்டில் தெளியவைத்து, ஈரமாகவே குழியில் கொட்டி மூடுகிறேன். காயவிட்டுப் பெருக்கினால் கல் தூசி பறக்கும், சிரிப்பதற்கு இல்லை. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் அரைக்கும் தொழிலாளிகள் எத்தனையோ பேருக்கு அந்தத் தூசியால் சிலிகோசிஸ் வந்து நுரையீரல் கெட்டிருக்கிறது. ஈரத்தில் ஓடும் வரை இந்த மெஷினில் தூசி இல்லை. சுத்தம் செய்யும்போதுதான் கவனம் வேண்டும்.

கணக்கும் வைத்திருக்கிறேன். முழு நான்கு கட்டமும் டிரம்மில் ஓட்டிய காலத்தில் போட்ட எடையில் கால்வாசிக்கு மேல் சேறாகப் போனது. சாணையில் செய்த கல்லை இதில் போட்டால் என் தராசில் 3 முதல் 5 சதவீதம்தான் குறைகிறது. காங்கேயத்தில் நல்ல நீல ஒளி உள்ள கல் விற்கிற விலைக்கு, மெஷின் காசு இரண்டாவது வருடமே திரும்பிவிட்டது.

குழந்தைகளோடு ஆற்றில் பொறுக்கிய கல்லை மினுக்கத்தான் வேண்டும் என்றால் டிரம்மே போதும். போட்டுவிட்டு மறந்துவிடலாம். வாங்கியே தீருவேன் என்பவர்கள் கடைக்காரரிடம் 50 ஹெர்ட்ஸ் மோட்டாரா, நாள் முழுக்க நிற்காமல் ஓடுமா, கிண்ணம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அங்கே வாங்க வேண்டாம். என் மாடியில் இப்போதும் இரண்டும் ஓடுகின்றன. டிரம்மில் வெங்கச்சாங்கல் இரண்டாவது வாரம். கிண்ணத்தில் நேற்று மாலை போட்ட சந்திரகாந்தம், ஒரு தோட்டு ஆர்டருக்கு. மணி நான்காகப் போகிறது, தண்ணீர் தெளிக்க வேண்டும்.