5 வோல்ட் சப்ளைக்கு எந்த ஒயர்: சில வருட உபயோகத்தில் தெரிந்தவை

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பல கடைகளில் ஏடபிள்யூஜி (அமெரிக்க ஒயர் அளவு முறை) சொல்லி ஒயர் கேட்டால் எடுபடாது. 7/36, 14/36, 23/36 என்று கேட்டால் உடனே சுருள் வரும். முதல் எண் உள்ளே எத்தனை இழை என்பது, இரண்டாவது அந்த இழையின் எஸ்டபிள்யூஜி கேஜ், அதாவது பிரிட்டிஷ் முறையில் இழையின் தடிமன் எண். 36 கேஜ் இழை ஏறக்குறைய 0.19 மி.மீ. அந்தக் கணக்கில் 7/36 சுமார் 0.2 சதுர மி.மீ., 23/36 சுமார் 0.67. என் மேஜையில் பெரும்பாலான வேலை இந்த மூன்றில்தான் ஓடுகிறது.

சென்சாருக்கும் சின்ன ரிலே போர்டுக்கும் 7/36 தாராளம். எல்இடி ஸ்ட்ரிப் வந்தால்தான் சங்கதி மாறும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 2812பி ஸ்ட்ரிப் (5 வோல்ட்டில் ஓடும் கலர் எல்இடி பட்டை), முழு வெள்ளையில் எரிந்தால் மீட்டருக்கு 3.6 ஆம்ப் வரை கேட்கும். சப்ளை 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் போக வர 4 மீட்டர் ஒயர். 3 ஆம்ப் ஓடினாலே 7/36 அதில் 1 வோல்ட்டை விழுங்கிவிடும். ஸ்ட்ரிப்புக்குப் போய்ச் சேருவது 4 வோல்ட். வெள்ளை வெளிச்சம் மஞ்சளடிக்கும், கடைசி எல்இடிகள் இன்னும் மோசம். ஒயரைத் தொட்டால் வெதுவெதுப்புதான், பயப்பட ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அதே இடத்தில் 23/36 போட்டால் இழப்பு சுமார் 0.3 வோல்ட். "3 ஆம்ப் தாங்கும் சார்" என்று கடையில் சொல்வது பொய்யில்லை. உருகாது என்று அர்த்தம், அவ்வளவுதான். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டும் இப்படித்தான்: 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் திரையில் மின்னல் குறி காட்டும். பலர் அடாப்டரைத் திட்டுகிறார்கள், ஒயரை அளந்து பார்ப்பதில்லை. லோடு ஓடும்போதே மல்டிமீட்டரை ஸ்ட்ரிப் முனையில் வைத்துப் பாருங்கள், சப்ளை முனையில் அல்ல.

நாள்பட்ட உபயோகத்தில் மலிவான பிவிசி ஒயர் சால்டரிங் சூட்டில் உறை சுருங்கிப் பின்வாங்குகிறது. சிலிக்கான் ஒயர் அந்த விஷயத்தில் அருமை, 200 டிகிரி தாங்கும், நூல் போல வளையும். ஆனால் கூர்மையான தகர விளிம்பில் உரசினால் உறை சட்டென்று கிழிகிறது. பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும் ஒயருக்கு சிலிக்கானின் கூடுதல் விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டும் முனைக்கு ஈயம் வைக்காதீர்கள். ஈயம் மெல்ல மெல்ல நசுங்கிக் கொடுத்து, சில மாதத்தில் ஸ்க்ரூ லூசாகிவிடும், அங்கேதான் சூடேறும். ஃபெரூல் (ஒயர் முனையில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு நசுக்குவதே சரி.

பிரெட்போர்டு ஜம்பரை, அதாவது சால்டர் செய்யாமல் சர்க்யூட் கட்டும் பலகையில் குத்தும் ரெடிமேட் ஒயரை, பவருக்கு நான் சேர்ப்பதே இல்லை. உறையை உரித்து முனையில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய இரும்பு, அது வோல்ட்டை இன்னும் அதிகம் விழுங்கும்.